அறையை அளந்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள்

பொழுதுபோக்காகப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள், கேமராவுடன் வந்த 18-55 கிட் லென்ஸில் ஓராண்டு பழகியதும் கேட்பது ஒரே கேள்விதான்: ஜூம் ஆகாத முதல் பிரைம் லென்ஸ் எதை வாங்கலாம்? கடைக்காரரைக் கேட்டாலும், யூடியூபில் பாடம் எடுப்பவரைக் கேட்டாலும் பதில் மாறுவதில்லை. 50 எம்எம், எஃப் 1.8. விலை குறைவு, கையில் கனம் தெரியாது, பின்னணி வெண்ணெய்போலக் கரையும் என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனாலும், நம்மில் பெரும்பாலானோர் வைத்திருக்கும் கேமராவுக்கும் நாம் படம் எடுக்கும் இடங்களுக்கும் இந்த லென்ஸ் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. நிக்கான் வைத்திருப்பவர் 35 எம்எம் வாங்கட்டும். கேனான் வைத்திருப்பவர் 24 எம்எம் பக்கம் பார்க்கட்டும்.

50 எம்எம்முக்குப் புகழ் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 1925இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா 50 எம்எம் லென்ஸோடுதான் வந்தது. அதில் ஃபிலிமின் ஒரு சட்டகம் 36க்கு 24 மில்லிமீட்டர்; மூலைக்கு மூலை அளந்தால் 43 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லென்ஸின் எண் இந்த அளவை ஒட்டியிருந்தால் காட்சி இயல்பாகத் தெரியும், அதிகம் விரியவும் செய்யாது, குறுகவும் செய்யாது. காந்தி கொல்லப்பட்ட நாட்களில் டெல்லியில் இருந்து படம் எடுத்த கார்த்தியே பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 எம்எம்மிலேயே கழித்தார். ஜப்பானிய இயக்குநர் ஓசு தன் படங்களை அநேகமாக அந்த ஒரே லென்ஸில்தான் எடுத்தார். ஆனால் அந்தப் பெருமையெல்லாம் 36 மில்லிமீட்டர் அகலச் சட்டகத்துக்கு உரியது. தொடக்கக்காரர்கள் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலானவை கிராப் சென்சார் கொண்டவை. கேனானில் அதன் அகலம் சுமார் 22.3 மில்லிமீட்டர், நிக்கானில் 23.5. லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே அந்தச் சென்சார் எடுத்துக்கொள்கிறது. அதனால் அதே 50, கேனானில் 80 எம்எம் போலவும் நிக்கானில் 75 எம்எம் போலவும் பார்க்கும். பிரெஸ்ஸோனின் பார்வை வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்குபவர் கையில் கிடைப்பது பாதி டெலி லென்ஸ். அந்தப் பார்வை வேண்டுமென்றால் நிக்கானில் 35தான் வாங்க வேண்டும். ஒன்றரையால் பெருக்கினால் 52.5 வரும்.

இதை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கூடத்தில் சோபாவுக்கும் கேமராவுக்கும் இடையே 3 மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். நம் வீடுகளில் அதற்கே முதுகு சுவரில் ஒட்ட வேண்டும். கேனான் கேமராவில் 50 எம்எம் போட்டால் அந்தத் தூரத்தில் சட்டகத்துக்குள் அடங்கும் அகலம் 1.34 மீட்டர், அதாவது நாலரை அடிகூட இல்லை. தோளோடு தோள் ஒட்டி இரண்டு பெரியவர்கள் உட்காரலாம். மூன்றாவது ஆளுக்குக் கை வெட்டுப்படும். நிக்கானில் 35 போட்டால் 2 மீட்டர் கிடைக்கும். கேனானில் 24 போட்டால் 2.8 மீட்டர், குடும்பமே உள்ளே வந்துவிடும். பிறந்தநாள் கேக், அதன் முன்னால் குழந்தை, பின்னால் பாட்டி, ஓரத்தில் மெழுகுவத்தி ஏற்றும் தாத்தா: இந்தப் படத்தை 50 எம்எம்மில் எடுக்க வேண்டுமானால் அடுத்த வீட்டில் போய் நிற்க வேண்டும். கொலு, வளைகாப்பு, சமையலறை, தெருவோர டீக்கடை என்று நாம் ஆசையாகப் படம் எடுக்கும் இடங்கள் எல்லாமே நெருக்கமானவை. பின்னால் போக இடமில்லாத இடங்கள்.

பின்னணி கரைவதற்காகத்தானே பிரைம் வாங்குகிறோம் என்று கேட்பார்கள். அந்த அழகை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் கணக்கிட வேண்டும். கிராப் சென்சாரில் 50 எம்எம்மை எஃப் 1.8இல் முழுதாகத் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. கண் தெளிவாக இருக்கும், காது கலங்கிவிடும். அதோடு, அந்த முகம் எந்த ஊரில், எந்த வாசலில், எந்த வேலைக்கு நடுவில் இருந்தது என்பதும் அழிந்துவிடும். பத்து வருடம் கழித்துப் படத்தைப் பார்க்கிறவர்கள் பாட்டியின் முகத்தோடு அவர் பின்னாலிருந்த அலமாரியையும் காலண்டரையும் தேடுவார்கள். பிரைம் லென்ஸின் உண்மையான வரம் ஒளி. 35 எம்எம்மில் கிட் லென்ஸ் ஏறக்குறைய எஃப் 4.5 வரைதான் திறக்கும், எஃப் 1.8 அதைப்போல ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் கிட் லென்ஸ் 1/15 வினாடி கேட்டுக் கை நடுக்கத்தில் படத்தைக் கெடுக்கும் இடத்தில், இது 1/90 வினாடியில் எடுத்துவிடும். இந்த வரத்தை 35ம் தருகிறது, 50ம் தருகிறது. கேனானின் மெல்லிய 24 எம்எம் எஃப் 2.8 வரைதான் திறக்கும் என்பது அதன் குறை. அதை மறைக்கத் தேவையில்லை.

அகல லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும் என்ற புகாரும் உண்டு. மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை, நாம் நிற்கும் தூரம். முகத்துக்கு இரண்டடியில் நின்றால் எந்த லென்ஸானாலும் மூக்கு முன்னே துருத்தும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்து, வேண்டிய பகுதியை வெட்டிக்கொண்டால் 50 தரும் அதே முகம் வரும். 24 மெகாபிக்சல் கேமராவில் 35இன் படத்தை 50இன் அளவுக்கு வெட்டினால் ஏறக்குறைய 12 மெகாபிக்சல் மிஞ்சும். 12க்கு 8 அங்குலப் பிரிண்ட்டுக்குத் தாராளம். கேனானின் 24இலிருந்து வெட்டினால் ஐந்தரைதான் மிஞ்சும். அதில் 9க்கு 6 அங்குலப் பிரிண்ட் போடலாம். குறுகலாக எடுத்த படத்தை உள்ளது உள்ளபடி விரிக்கவோ எந்த மென்பொருளாலும் முடியாது; விடுபட்ட ஆள் விடுபட்டவர்தான்.

ஜூம் இருக்கும்போது பிரைம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் புழங்கிய யாஷிகா மேட் கேமராவில் கழற்ற முடியாத ஒரே ஒரு 80 எம்எம் லென்ஸ்தான். அதன் பெரிய சதுரச் சட்டகத்துக்கு அதுவே இயல்பான பார்வை. எத்தனையோ வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் அதில் எடுத்தவை. எங்கே நின்றால் எவ்வளவு அடங்கும் என்பது கேமராவைத் தூக்குவதற்கு முன்பே அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம் ஒரே பார்வைக்கோணத்தில் மாதக்கணக்கில் ஊறினால்தான் வரும். பறவைகளுக்கும் மேடை நடனத்துக்கும் நீள ஜூம்தான் சரி. அங்கே பிரைமை வற்புறுத்த மாட்டேன். 36 மில்லிமீட்டர் அகலச் சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவருக்கு 50 எம்எம்மே பொருத்தம், தயங்காமல் வாங்கலாம்.

வாங்கும் முன் உங்கள் பழைய படங்களைப் புரட்டி, அவை எந்த எம்எம்மில் எடுக்கப்பட்டவை என்று பார்ப்பது நல்ல யோசனை. ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். 18, 55 என்ற இரண்டு எண்களே அதிகம் தென்படும்; வளையத்தைக் கடைசிவரை திருகிவிடுவது கைப்பழக்கம், விருப்பம் இல்லை. செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35இல் நிறுத்தி, அசையாதபடி டேப் ஒட்டி இரண்டு வாரம் படம் எடுங்கள். அடுத்த இரண்டு வாரம் 50இல், கேனான் என்றால் இன்னொரு இரண்டு வாரம் 24இல். எந்த எண்ணில் வீட்டு மனிதர்கள் விடுபடாமல் படத்துக்குள் வந்தார்களோ, அந்த லென்ஸுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.