விசைப்பலகையும் எழுத்திலக்கணமும்

கணினி ஆர்வலரிடையே தமிழை எவ்விசைப்பலகையில் எழுதுவது என்னும் வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறுவதே எளிதென்பர் ஒரு சாரார். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பள்ளி மாணவர் பலர் கைப்பேசியில் அவ்வாறே எழுதக் காண்கிறேன். அவ்வெளிமையை யான் பழிக்கவில்லை. ஆயினும், லகர ளகர ழகரங்களை ஆங்கில எழுத்தின்வழி நினைவுகொள்ளும் பிள்ளைக்கு நெடுங்கணக்கே அயலாகிவிடாதோ?

1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ பலகையை நோக்குக. உயிர் 12உம் இடப்புறம். மெய்களுட் பெரும்பாலன வலப்புறம். ககரத்தையடுத்து உகரத்தைத் தட்டினால் ‘கு’ பிறக்கிறது. மெய்யும் உயிரும் புணர்ந்து உயிர்மெய்யாதலை நாம் கரும்பலகையில் விளக்குகிறோம். அங்கே விரலே அதனைப் பயில்கிறது.

ஆசிரிய நண்பர்களே, பலகை எதுவாயினும் ஆகுக. அதிற் பிள்ளை காணும் எழுத்துத் தமிழாகவே இருக்கட்டும்.