பாஸ்வேர்டு வேண்டாம் சார், மேனுவலை மாத்துங்க

மூணாவது வருஷம் நெட்வொர்க்ஸ் லேப். நாலாவது பயிற்சி: ரெண்டு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, ஒண்ணுல டிஎச்சிபி சர்வர் ஓட்டி, அது இன்னொண்ணுக்கு ஐபி அட்ரஸ் கொடுக்கிறதைக் காட்டணும். மேனுவல்ல நெட்வொர்க் பத்தி இருந்தது ஒரே வரி. அடாப்டரை 'பிரிட்ஜ்டு'ன்னு வைக்கணுமாம். வச்சோம். பத்து நிமிஷத்துல பக்கத்து வரிசையில இன்டர்நெட் போச்சு. கொஞ்ச நேரத்துல எதிர் லேப்லயும் போச்சு. "யார்ரா இங்க டிஎச்சிபி ஓட்றது?"ன்னு லேப் அண்ணா ஓடி வந்தப்போ கிளாஸ்ல பாதிப் பேர் கையைத் தூக்க வேண்டியதா இருந்துச்சு. மேனுவல்படிதானே செஞ்சோம்!

நடந்தது இதுதான். பிரிட்ஜ்டுன்னு வச்சா, உங்க விர்ச்சுவல் மெஷின் காலேஜ் நெட்வொர்க்ல தனி கம்ப்யூட்டர் மாதிரி போய் உட்காரும். தனி மேக் அட்ரஸ், தனி ஐபி. அதுல டிஎச்சிபி சர்வர் ஓடினா, லேப்ல புதுசா ஐபி கேட்கிற எல்லா மெஷினுக்கும் அதுவும் பதில் சொல்லும். கேட்கிற மெஷின் பெரும்பாலும் முதல்ல வர்ற பதிலையே எடுத்துக்கும். காலேஜ் சர்வர் எங்கேயோ இருக்கு, நம்ம சர்வர் பக்கத்து சீட்ல இருக்கு. யார் ஜெயிப்பாங்க?

அடுத்த வாரத்துல இருந்து புது விதி. விர்ச்சுவல் மெஷின்ல நெட்வொர்க் செட்டிங்ஸை யாரும் தொடக்கூடாது. நாலாவது பயிற்சிக்கு போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து அவுட்புட் எழுதிக்கலாம். எழுதினோம், கையெழுத்தும் வாங்கினோம். எங்க பேட்ச்ல 60 பேர் டிஎச்சிபி செஞ்சதா ரெக்கார்டு சொல்லுது.

நான் லேப்ல அட்மின் பாஸ்வேர்டு கேட்டு எழுதுறேன்னு நினைச்சுடாதீங்க. பூட்டு இருக்கணும். தினமும் நாலு பேட்ச் வந்து போற மெஷின்ல எல்லாருக்கும் அட்மின் கொடுத்தா, ரெண்டாவது வாரமே பாதி மெஷின்ல கேம்ஸ், மீதியில வைரஸ். என் பிரச்சினை, அந்தப் பூட்டு தப்பான கதவுல தொங்குது. எங்க லேப்ல ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரை யாரோ எப்பவோ நீக்கியிருக்காங்க. புதுசா ஒண்ணு உருவாக்கப் போனா விண்டோஸ் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். ஹோஸ்ட்-ஒன்லி ஒரு சாது. அதோட பேச்சு அந்த ஒரு மெஷினுக்குள்ளேயே முடிஞ்சிடும். ஆனா மொத்த லேபையும் படுக்க வச்ச பிரிட்ஜ்டு, பாஸ்வேர்டே கேட்கல. அதுக்கான டிரைவரை விர்ச்சுவல்பாக்ஸ் இன்ஸ்டால் பண்ணும்போதே அட்மின் போட்டுட்டார். அதுக்கப்புறம் யார் வேணா அதைத் தேர்வு செய்யலாம்.

இதுல யாருக்கு நஷ்டம்? எனக்கு இல்ல. எனக்கு லேப்டாப் இருக்கு. ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து அன்னைக்கு ராத்திரியே செஞ்சு பார்த்துட்டேன். எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு தினமும் ட்ரெயின்ல வந்து போறா, சொந்தமா லேப்டாப் கிடையாது. அவளுக்கு கம்ப்யூட்டர்னா வாரத்துல அந்த மூணு மணி நேர லேப்தான். போன செமஸ்டர் பிளேஸ்மென்ட் இன்டர்வியூல "ரெண்டு விஎம்-ஐ எப்படிப் பேச வைப்பீங்க?"ன்னு அவளைக் கேட்டிருக்காங்க. ரெக்கார்டுல எழுதினதைச் சொல்லியிருக்கா. "நீங்களே செஞ்சீங்களா?"ன்னு கேட்டதும் நின்னுட்டா. கேள்வி பதில்ல எங்க எல்லாரையும் விட மார்க் அதிகம் வாங்குறவ அவ. நானா இருந்தா செஞ்சேன்னு சொல்லியிருப்பேன், அது உண்மையாவும் இருந்திருக்கும். எங்களுக்குள்ள வித்தியாசம் ஒரு லேப்டாப்தான்.

கோபமா இருந்துச்சு. அட்மின் பாஸ்வேர்டு தெரிஞ்ச சீனியரைத் தேடிப் போகலாமான்னுகூட யோசிச்சேன். (ஒவ்வொரு பேட்ச்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார். அவர் சொல்ற பாஸ்வேர்டு எப்பவும் போன வருஷத்தோடது.) அப்புறம்தான் ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். அந்தப் பயிற்சிக்கு அட்மின் தேவையே இல்ல.

விர்ச்சுவல்பாக்ஸ்ல 'இன்டர்னல் நெட்வொர்க்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. ரெண்டு மெஷின்லயும் அதைத் தேர்வு செஞ்சு, ஒரே பெயர் கொடுத்தா போதும். அதுவே 'இன்ட்நெட்'னு ஒரு பெயர் போட்டு வச்சிருக்கும், மாத்தக்கூட வேண்டாம். அந்த ஸ்விட்ச் விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறதால ஹோஸ்ட்ல புது அடாப்டர் எதுவும் வராது. அதனால பாஸ்வேர்டும் கேட்காது. உள்ள டிஎச்சிபி சர்வரை எத்தனை தடவை தப்பா ஓட்டினாலும் பக்கத்து சீட்டுக்கு ஒரு பாக்கெட்கூடப் போகாது. நாலாவது பயிற்சி அங்கேயே முடிஞ்சுது.

இன்டர்நெட்டும் வேணும்னா முதல் அடாப்டரை நேட்லயே விட்டுட்டு, ரெண்டாவது அடாப்டரை இன்டர்னலுக்குக் கொடுங்க. ஒரு மெஷினுக்கு செட்டிங்ஸ்லயே நாலு அடாப்டர் வரை இடம் இருக்கு. நேட்டுக்கு ஏன் அனுமதி தேவையில்லன்னா, விர்ச்சுவல் மெஷின் வெளிய அனுப்புறதை எல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ் தன் சொந்த கனெக்‌ஷன் மாதிரி அனுப்புது. உங்க பிரவுசர் என்ன செய்யுதோ அதேதான். பிரவுசர் திறக்க யாராவது பாஸ்வேர்டு கேட்கிறாங்களா?

இங்க எல்லாரும் வழுக்கி விழுற ஒரு இடம் இருக்கு. நேட்ல ரெண்டு மெஷினையும் ஓட்டி ஐபி பார்த்தா, ரெண்டும் 10.0.2.15னு காட்டும். ஏதோ கெட்டுப்போச்சுன்னு நான் ஒரு ராத்திரி முழுக்க ரீஇன்ஸ்டால் பண்ணிட்டு இருந்தேன். ஒண்ணும் கெடல. ஒவ்வொரு மெஷினும் தனித்தனி நேட்டுக்குப் பின்னாடி இருக்கு. எல்லா ஹாஸ்டல்லயும் 15-ஆம் நம்பர் ரூம் இருக்கிற மாதிரி. அதனாலதான் நேட்ல மட்டும் இருக்கிற ரெண்டு மெஷின் ஒண்ணை ஒண்ணு பார்க்காது.

ஹோஸ்ட்ல இருந்து விர்ச்சுவல் மெஷினுக்குள்ள போகணும்னா போர்ட் ஃபார்வர்டிங். ஹோஸ்ட்ல 2222, கெஸ்ட்ல 22ன்னு கொடுத்தா எஸ்எஸ்ஹெச்-ல உள்ள போயிடலாம். ஹோஸ்ட் ஐபி கட்டத்தைக் காலியா விடாதீங்க. விட்டா விண்டோஸ் ஃபயர்வால் குறுக்க வந்து அட்மினைக் கேட்க வாய்ப்பு இருக்கு. கதவும் லேப்ல எல்லாருக்கும் திறந்து கிடக்கும். 127.0.0.1ன்னு போடுங்க. உங்க லேப் லினக்ஸ்னா ஹோஸ்ட் போர்ட் 1024-க்குக் கீழ வேண்டாம், சாதாரண யூசருக்கு அது கிடைக்காது. க்யூஇஎம்யூ-வோட யூசர் நெட்வொர்க்கிங்லயும் ரூட் தேவையில்லை. ஆனா அதுல வெளிய பிங் போகலன்னா பதறாதீங்க, பிரவுசர்ல ஒரு பக்கம் திறந்து பாருங்க. பிங் போகாம இருந்தாலும் மத்ததெல்லாம் ஓடும்.

இதை எல்லாம் நான் கண்டுபிடிக்கல. விர்ச்சுவல்பாக்ஸ் கையேட்டுல நெட்வொர்க்குக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. லேப் மேனுவல் எழுதினவங்களும் படிக்கல, மூணு வருஷமா நாங்களும் படிக்கல. "அட்மின் இல்ல சார்"ங்கிறது எங்களுக்கும் வசதியான பதிலாத்தான் இருந்துச்சு. ரெக்கார்டு எழுதிட்டு சீக்கிரம் கேன்டீன் போயிடலாம்.

ஆனா சில விஷயம் அட்மின் மட்டும்தான் செய்ய முடியும். பயோஸ்ல விர்ச்சுவலைசேஷனை ஆன் பண்ணணும். அது ஆஃப்ல இருந்தா புது விர்ச்சுவல்பாக்ஸ்ல எந்த மெஷினும் எழும்பாது, எங்க லேப்ல கடைசி வரிசை அப்படித்தான் கிடக்கு. ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரை ஒருமுறை உருவாக்கி வைக்கணும், அப்புறம் நாங்க பயன்படுத்திக்கிறதுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம். காலேஜ் நெட்வொர்க்குக்குப் போற கார்டுல மட்டும் பிரிட்ஜ்டு டிரைவரை ஆஃப் பண்ணிடலாம், எங்க சிலபஸ்ல அது கட்டாயம் வேணும்னு ஒரு பயிற்சிகூட இல்ல. இது மூணும் ஒரு தடவை செய்யற வேலை.

போன மாசம் நாங்க ஏழு பேர் சேர்ந்து நாலாவது பயிற்சியை இன்டர்னல் நெட்வொர்க்ல திருப்பி எழுதி, ரெண்டு பக்கமா துறையில கொடுத்திருக்கோம். மேடம் வாங்கிப் படிச்சுட்டு, "அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்"னாங்க. அடுத்த செமஸ்டர் நாங்க இருக்க மாட்டோம். லேப் அண்ணாகிட்ட ஒரு காப்பி இருக்கு. மூணாவது வருஷத் தம்பி தங்கச்சிங்க, அவர்கிட்ட கேட்டா தருவார். செஞ்சு பார்த்துட்டு, ரெக்கார்டுல உங்க சொந்த அவுட்புட்டை ஒட்டுங்க.