குண்டு துளைக்காத சட்டை

அமெரிக்காவில் போலீஸ்காரர் வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைக்கு உள்ளே கவசச் சட்டை ஒன்றைப் போட்டுக் கொள்கிறார். "இது காப்பாற்றும்" என்ற நம்பிக்கையில்தான் வீட்டார் அவரை வழி அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கை வீண் போகலாமா?

இந்தச் சட்டை இரும்பால் ஆனது அல்ல. நூலால் ஆனது. 1965-ம் ஆண்டில் ஸ்டெபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானியின் ஆராய்ச்சியில் பிறந்த "கெவ்லார்" இழை, எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை உள்ளது. அந்தத் துணியைப் பல அடுக்குகளாக வைத்துத் தைக்கிறார்கள். கைத்துப்பாக்கிக் குண்டு மோதியதும், இழைகள் அதன் வேகத்தை நாலா பக்கமும் பரப்பி விடுகின்றன. குண்டு நசுங்கி, நடுவிலேயே நின்று விடுகிறது.

களிமண் சொல்லும் உண்மை

குண்டு நின்றால் போதுமா? போதாது. அதன் அடி உடம்பில் இறங்கும். விலா எலும்பு முறியலாம். ஆகவே, சட்டைக்குப் பின்னால் களிமண் கட்டியை வைத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். களிமண்ணில் விழும் பள்ளம் 44 மில்லி மீட்டருக்கு, அதாவது சுமார் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு, மேல் போனால் சட்டை தேறாது. இது அமெரிக்க தேசிய நீதி நிறுவனத்தின் விதி.

பழைய சட்டை என்ன ஆகும்?

புதுச் சட்டை தேறி விட்டது. உடுத்திப் பழசான பிறகும் அது காக்குமா?

2003-ம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில், "சைலான்" என்ற வேறு இழையால் ஆன சட்டையைக் குண்டு துளைத்து, போலீஸ் அதிகாரி ஒருவர் காயம் அடைந்தார். அதன் பிறகு, போலீசார் உடுத்திய 103 சைலான் சட்டைகளைச் சுட்டுப் பார்த்தார்கள். 60 சட்டைகளைக் குண்டு துளைத்து விட்டது! ஈரம் பட்டுப் பட்டு இழை வலுவிழந்து இருந்தது. 2005-ம் ஆண்டில் சைலான் சட்டைகளுக்குத் தந்த அங்கீகாரம் ரத்து ஆயிற்று.

2008-ம் ஆண்டில் புதிய விதி வந்தது. அதன்படி, சட்டையை 10 நாள் வெப்பத்திலும் ஈரத்திலும் போட்டுப் புரட்டி எடுத்து, அதையும் சுட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதோடு நிற்கக் கூடாது. உடுத்திய சட்டைகளில் சிலவற்றை அவ்வப்போது எடுத்துச் சோதிக்க வேண்டும். பழுதானதை உடனே மாற்றித் தர வேண்டும்.

சோதனையில் சட்டை தோற்றால் நஷ்டம் பணம்தான். தெருவில் தோற்றால் ஒரு குடும்பமே அனாதை ஆகி விடும்!