கேட்டுக் கொடுத்தலும் கேட்டு வாங்குதலும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வார் பலர். செஞ்சி நகரத்து மருந்துக் கடையைக் காணச் செல்வார் ஒருவரும் இலர். யாமும் கோட்டையைக் காணவே சென்றோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் மதிலாற் பிணைக்கப்பட்டு நிற்கும் மாட்சியை இச்சஞ்சிகையில் வேறு அன்பர் எழுதக்கூடும். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அக்கோட்டை எண்ணப்பட்ட பின்னர் அதனைப் புகழ்வார்க்குக் குறைவில்லை. எம்மைச் சிந்திக்கச் செய்தது மலையன்று. மலையடியூரில் எம் கைக்கு வந்த ஒரு சிறு காகித உறையே.

நிகழ்ந்தது இது. சென்ற பங்குனியில், வெயில் ஏறிய பின்னரே யாம் இராஜகிரியில் ஏறத் தொடங்கினோம். ஏறத்தாழ 800 அடி உயரம். கொண்டுசென்ற நீரோ பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. காலையில் வழியிலே உண்ட சிற்றுண்டியும் எம்முள் ஒருவருக்கு ஒவ்வாதாயிற்று. இறங்கி வருவதற்குள் அவர்க்கு வாந்தியும் பேதியும் தலைவலியும் ஒருங்கே கண்டன. அவரை ஒரு மர நிழலிற் கிடத்திவிட்டு, இருவர் ஊருக்குள் ஓடி ஒரு மருந்துக் கடையில் நோயின் பெயரைச் சொன்னார்கள். கடைக்காரர் நிமிர்ந்தும் பாராமல் நான்கு அட்டைகளிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்து உறையிலிட்டு நீட்டினார். நோயாளியின் வயதென்ன, நீர் பிரிகின்றதா, வேறு மருந்து உண்பவரா என்னும் வினாக்களுள் ஒன்றேனும் எழவில்லை. இருபது விநாடியில் வைத்தியம் முடிந்தது!

எம்முடன் வந்த ஆசிரியர் அவ்வுறையை அவிழ்த்து நோக்கினார். வலியடக்கும் டைக்ளோபெனாக் ஒன்று, கிருமிகொல்லி ஒன்று, பேதியை நிறுத்துவது ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. வேண்டியிருந்த ஒரே பொருளாகிய உப்புச் சர்க்கரைப் பொடி, அதாவது எல்லாரும் ஓ.ஆர்.எஸ். என்று வழங்குவது, அதில் இல்லை. அவர் தாமே சென்று அதனை வாங்கி வந்து, ஒரு லிட்டர் நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தார். மாலைக்குள் நண்பர்க்கு நீர் பிரிந்தது, கண்ணும் தெளிந்தது.

மாத்திரைகளை உண்டிருந்தால் என்ன தீங்கு என்று எம்மிற் சிலர் வினவினர். உடலில் நீர் வற்றியபோது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகின்றது. அவ்வேளையில் தன் இரத்தவோட்டத்தைக் காத்துக்கொள்ளச் சிறுநீரகம் தானே சில பொருள்களைச் சுரந்துகொள்கின்றது. டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பது அச்சுரப்பையே. நீர்ச்சத்து நிறைந்தவன் ஒருநாள் உண்டால் பெரும்பாலும் கேடில்லை. வெயிலில் வாடியவன் உண்டால் கேடு நேரலாம். செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் கொணரும் உழவரையும், அங்கே மூட்டை சுமப்பாரையும் எண்ணிப் பாருங்கள். நாள்முழுதும் வெயிலில் உழைத்து, மாலையில் உடல்வலிக்கென்று இம்மாத்திரையையே வாரக்கணக்கில் விழுங்குவார் அவருள்ளும் உளர். அவரிடம் ஒரு சொற் சொல்லவேண்டியவர் யார்?

வைத்தியரே என்று விடை கூறுதல் எளிது. ஒருநாட் கூலியை இழந்து வரிசையில் நிற்க இயலாதவன், இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை இருமக் காண்பவன், இவர்கட்கெல்லாம் முதல் வைத்தியர் மருந்துக் கடைக்காரரே. இதனைக் குற்றமென்று யாம் கூறோம். சளி, தலைவலி, சிறு காய்ச்சல் முதலியவற்றிற்கு அஃதே போதிய இடமுமாகும். ஆயின் கடையிலே மருந்து மட்டும் விற்கப்பட்டு அறிவுரை விற்கப்படாமையே குறை. 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், வைத்தியர் சீட்டிற்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரே கொடுக்கவேண்டுமென்று விதித்தது. 2015ஆம் ஆண்டின் விதிகளோ, மருந்தை உண்ணும் முறையையும் அதனால் விளையக்கூடியவற்றையும் நோயாளிக்கு எடுத்துரைத்தலை அவர்தம் கடமையாகவே வகுத்தன. கண்ணாடிச் சட்டத்தினுள் சான்றிதழ் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகள் எத்தனையென்று நேயர்களே அறிவர்.

யாம் திரும்பும் வழியில் அக்கடைக்காரரிடம் இதுபற்றி மெல்லக் கேட்டோம். அவர் சினவாது, “ஐயா, நான் நாலு கேள்வி கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். வெறும் உப்புப் பொடியைக் கொடுத்தால் ‘இதற்கா வந்தேன்’ என்கிறார்கள்” என்றார். இவ்விடை எம்மை நாணச் செய்தது. வாங்குவோராகிய நாமும் இப்பழக்கத்திற் பங்காளிகளே. மாத்திரை பலவானால் குணம் விரைவாம் என்று நாம் எண்ணுகின்றோம்.

அவ்வுப்புப் பொடியின் வரலாறு அறிந்தார் அதனை இகழார். 1971ஆம் ஆண்டு வங்கத்துப் போரின்போது பொங்காவ் என்னும் எல்லையூரின் அகதி முகாமில் வாந்திபேதி பரவ, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்தமையால் திலீப் மகாலனபிஸ் என்னும் வைத்தியர் உப்பும் குளுகோசும் கரைத்த நீரைக் கலங்களில் வைத்துப் பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு மூன்று நான்காகக் குறைந்தது. குடலில் சர்க்கரை உப்பை உடன்கொண்டு உட்புக, அவற்றைத் தொடர்ந்து நீரும் புகுகின்றது. ஆதலின் அளவே அங்கு மருந்து. சர்க்கரை மிகுந்தால் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் பேதி பெருகும். அப்பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் கடைகளில் நெடுநாள் விற்றுவந்தன. அளவுக்கு ஒவ்வாத பானங்கள் அப்பெயரைச் சூடலாகாதென்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. லிட்டர்ப் பொட்டலத்தை ஒரு குவளையில் கரைப்பதும் பிழையே. பொட்டலத்தின் மேல் எழுதிய அளவு நீரில் முழுப் பொடியையும் கரைத்தல் வேண்டும்.

குழந்தைகளின் இருமற் பாகினைப் பற்றியும் கூறாதிருத்தல் இயலாது. அதே 2025ஆம் ஆண்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஆக்கப்பட்ட கோல்ட்ரிப் என்னும் பாகில் டையெதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு, நூற்றுக்கு 48க்கும் மேலான அளவில் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வாளர் கண்டனர். மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் இருபதின் மேற்பட்ட சிறுவர் அதனை உண்டு சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அது செய்தவர் குற்றம். எனினும் அப்பாகு பல சிறுவர்க்குத் தேவையே அற்றதென்பது அதனினும் கசப்பான செய்தி. சளியிருமல் பெரும்பாலும் தானே தணிவது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு அத்தகைய மருந்துகளைக் கொடுத்தலே கூடாதென்றும், ஐந்து வயதிற்குட்பட்டார்க்குப் பொதுவாகத் தகாதென்றும் மத்திய சுகாதார இயக்ககம் அப்போது அறிவித்தது. நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியை நம்பி, எதுவும் கொடாது பொறுத்திருந்த நாட்களும் உண்டு. அப்பொறுமையை நாம் மூடத்தனமென்று நகைத்தோம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் நன்றே. ஆயினும் சளி மாத்திரையிலும் அதுவே கலந்திருத்தலின், இரண்டையும் உண்பவன் அறியாமலே இருமடங்கு உண்கின்றான். முதிர்ந்தோர்க்கும் நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டினால் ஈரல் கெடும். மெலிந்தோர்க்கும் குடிப்போர்க்கும் அதனினும் குறைந்த அளவே தகும். மழைக்காலத்தில் டெங்கு ஐயம் இருப்பின் ஆஸ்பிரினும் இபுபுரூபனும் ஆகா, அவை இரத்தக் கசிவை மிகுவிக்குமாதலின். தும்மலுக்குக் கொடுக்கும் மாத்திரைகளுட் சில உறக்கம் தருவன. திண்டிவனத்திற்கும் திருவண்ணாமலைக்கும் லாரி ஓட்டுபவர் அதனை வாங்குங்கால் அவர் தொழிலைக் கேட்டறிதல் கடைக்காரர்க்கு எத்துணை நேரமாகும்? கிருமிகொல்லியோ சளிக்கு ஒரு பயனும் செய்யாது. வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத மருந்தென்று அட்டையிலே செங்கோடு இட்டிருந்தும் அது மிட்டாய்போல் கைமாறுகின்றது. நெஞ்சுவலியை வாயுவென்று கொண்டு பாகு கேட்பாரை அப்பொழுதே மருத்துவமனைக்கு அனுப்புதலன்றிக் கடையில் வேறு மருந்தில்லை.

இக்கல்லூரியில் இரசாயனம் பயின்று மருந்தாளுநர் ஆகக் கருதும் இளைஞர் உளர். பொட்டலம் கட்டுவதே தம் தொழிலென்று அவர் எண்ணாதிருப்பாராக. கேட்டறிந்து கொடுக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை என்பது மெய்யே. அரசினரும் அதற்கொரு வழி காணவேண்டும். 2025 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களில் விலை குறைந்தது நன்று. அங்கேனும் விலையோடு ஒரு சொல்லும் கொடுக்கப்படல் வேண்டுமென்பது எம் கருத்து.

அன்று புறப்படுமுன் அக்கடையிலேயே பொடிப் பொட்டலங்கள் இரண்டு வாங்கினோம். சில்லறையை எண்ணியவாறே கடைக்காரர் முதன்முறையாக எம்மை நிமிர்ந்து பார்த்து, “லிட்டர் அளவுள்ள பாத்திரம் இருக்கிறதா?” என்று கேட்டார்.