கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம்



நம் தென்மாவட்டங்களில் பல ஊர்களில் அம்பேத்கர் சிலை இரும்புக் கூண்டுக்குள்தான் நிற்கிறது. சிலையை உடைக்கிறவன் வெளியே திரிகிறான்; சிலை உள்ளே இருக்கிறது. இது நமக்குப் பழகியும் போய்விட்டது. பழகியதுதான் ஆபத்து.

இதை எழுத வைத்தது ஒரு சித்திரக்கதைப் புத்தகம். நவயானா 2011இல் வெளியிட்ட 'பீமாயணா'. அம்பேத்கரின் வாழ்வை வரைந்தவர்கள் துர்காபாய் வியாமும் அவர் கணவர் சுபாஷ் வியாமும். மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஆதிவாசிகள். கோண்டுகளுக்குக் கதை பாடுவது பர்தான்களின் பரம்பரை வேலை. துர்காபாய் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற 'திக்னா'வைப் பாட்டியிடம் கற்றவர். பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து கைநாட்டு வாங்குகிறவன் நான். கைநாட்டு என்று நாம் ஏளனமாகச் சொல்கிற அதே விரல்கள்தான் இதை வரைந்திருக்கின்றன. 2022இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அது அரசின் கணக்கு. நமக்கு வேறு கணக்கு இருக்கிறது.

சித்திரக்கதை என்றால் கட்டம் போட்டு அதற்குள் ஆளை நிறுத்துவார்கள். இந்த இருவரும் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டத்துக்குள் அடைத்தால் எங்கள் ஆட்களுக்கு மூச்சு முட்டும், அவர்களுக்குத் திறந்த வெளி வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. பக்கத்தைப் புரட்டினால் மனிதர்களும் மரமும் மிருகமும் கலந்து நடக்கிறார்கள். அன்பான பேச்சு பறவை வடிவத்தில் வருகிறது. சாதித் திமிரில் வருகிற பேச்சுக்குத் தேள் கொடுக்கு. கொட்டு வாங்கியவனுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

1901இல் பத்து வயதுப் பையன் பீம், வேலை நிமித்தம் வெளியூரில் இருந்த அப்பாவைப் பார்க்க சதாராவிலிருந்து கிளம்புகிறான். மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் சாதி தெரிந்துவிடுகிறது. இரட்டை வாடகை கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிப் போகிறார்கள். ராத்திரி முழுக்கத் தண்ணி இல்லை. கையில் சோறு இருந்தும் பட்டினி. தாகித்த அந்தப் பையனின் உடம்பை துர்காபாயும் சுபாஷும் மீனாக வரைகிறார்கள். பின்னால் அவரே வளர்ந்து கூட்டத்தில் பேசும்போது ஒலிபெருக்கியிலிருந்து சொல்லெல்லாம் நீர்த்துளியாகி ஜனங்களை நனைக்கிறது. 1927இல் மகாட் குளத்தில் இறங்கியவர் அல்லவா.

தண்ணி என்றால் என்னவென்று அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி ஜனங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்மாய் வத்துறப்ப எல்லாருக்கும் வத்துது. பெருகுறப்ப மட்டும் சேரிக்குக் கடைசி முறை.

இங்கே என் தப்பு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மூணு வருசத்துக்கு முன்னால் கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளை நம் இதழுக்கு ஒரு படம் கொண்டுவந்து தந்தது. நீலக் கோட்டுப் போட்டவர் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் காலிக் குடம். "அம்பேத்கரை இப்படியாம்மா உட்கார வைக்கிறது? அவரு நிக்கணும், விரலை நீட்டணும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வழக்கமான படத்தையே அட்டையில் போட்டேன்.

'பீமாயணா'வைப் பார்த்த பிறகு உறுத்தியது. தேடிப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, அது அம்பேத்கர் இல்ல. எங்கய்யா. குழாயில அவுக எல்லாம் பிடிச்சு முடிச்ச பெறகுதான் எங்க முறை. மத்தியானம் வரைக்கும் அப்பிடித்தான் உக்காந்திருப்பாரு. கோட்டு மட்டும்தான் அம்பேத்கருது. அதப் போட்டா எந்திரிச்சிருவாருன்னு நான்தான் போட்டுவிட்டேன்."

அன்றைக்கு 'இவர் யாரும்மா' என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கூண்டை அதிகாரிகள் மட்டும் போடுவதில்லை. நானும் ஒன்று போட்டிருக்கிறேன். மேடையில் ஆண்கள் பேச, பெண்கள் கோலம் போட்டால் போதும் என்று நம் இயக்கங்களுக்குள்ளும் ஒரு கட்டம் இருக்கிறது. பார்ப்பனியம் சேரிக்கு வெளியே மட்டும்தான் இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சிலைக்குக் காவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடைக்கிற கை இருக்கிறவரை காவலும் இருக்கட்டும். ஆனால் சிலைக்குப் பின்னால் தாகத்தோடு நின்ற பத்து வயதுப் பையனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால், நாம் காப்பது வெறும் சிமெண்டைத்தான். மாணவத் தோழர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அப்பத்தாவிடம், அம்மாவிடம் உட்காருங்கள். கேளுங்கள். சுவரில் வரைகிறவர்களிடம் இது யார் என்று கேளுங்கள். கதையையும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை.

அந்தப் பிள்ளை படத்தை மறுபடி வரைந்து தந்திருக்கிறது. இந்த இதழின் அட்டையில் இருப்பவர் அவர்தான். கீழே பேர் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ணே. ஊர்ல நாளைக்கும் தண்ணி பிடிக்கணும்ல" என்றது.

பேர் போடவில்லை.