வாளையாறு: வரிசை கலைந்தது எப்போது?

கோவையிலிருந்து பாலக்காட்டுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற எந்த லாரி ஓட்டுநரிடமும் 2017-ஆம் ஆண்டுக்கு முன் வாளையாறு என்ற பெயரைச் சொன்னால் போதும், பெருமூச்சுதான் பதிலாக வரும். கேரள வணிக வரித் துறையின் சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். காய்கறி வாடும். ஓட்டுநரும் கிளீனரும் சாலையோரத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். சில மணி நேரத்தில் கடக்க வேண்டிய தொலைவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆவது அங்கே புதுமையல்ல. இந்தத் தாமதத்தை எதிர்த்து 2012-இல் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

இத்தனைக்கும் அது கணினி இல்லாத சாவடி அன்று. கேரளத்தில் 2005-இல் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்த பிறகு, அந்த வரிக்கென்றே ஒரு தகவல் அமைப்பு உருவாக்கப்பட்டது. சாவடிகளில் கணினிகள் வைக்கப்பட்டன. சரக்கு விவரத்தை வணிகரே இணையத்தில் முன்கூட்டிப் பதிவு செய்யும் வசதியும் வந்தது. ஆனால் லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கினார். கையில் ரசீதுகளைப் பிடித்துக்கொண்டு சாளரத்துக்குச் சாளரம் நடந்தார். முன்பு பேரேட்டில் எழுதியதைக் கணினியில் எழுதினார்கள், வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த வரிசை கலைந்தது புதிய கணினி வந்ததால் அல்ல, சாவடியே எடுக்கப்பட்டதால்தான். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்ததும், நாட்டின் பெரும்பாலான மாநிலங்களைப் போலவே கேரளமும் வணிக வரிச் சாவடிகளைக் கைவிட்டது.

நிர்வாகவியலில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எந்த இடத்தில் முடிவெடுக்கப்படுகிறது, எங்கே காத்துக் கிடக்கிறது என்பதையெல்லாம் கட்டங்களாகவும் அம்புக் குறிகளாகவும் தாளில் வரைந்து பார்ப்பது. வரைந்த பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு, 'இது எதற்கு?' என்று கேட்பது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணினியை வாங்கி வைத்தால், வீண் வேலை விரைவாக நடக்குமே தவிர வீண் வேலை என்ற தன்மை போகாது. அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் மைக்கேல் ஹாமர் 1990-இல் எழுதிய கட்டுரையின் வாதமும் இதுவே. இருக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதைவிட, வேண்டாத வேலையை அழித்துவிடுவதே மேல் என்றார் அவர்.

வாளையாற்றில் 'இது எதற்கு?' என்ற கேள்விக்கு விடை என்ன? சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது, அதன் மதிப்பு என்ன, வரி கட்டப்பட்டதா என்பது கேரள அரசுக்குத் தெரிய வேண்டும். நியாயமான தேவைதான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள லாரியை எல்லையில்தான் நிறுத்த வேண்டும் என்பது கட்டாயமில்லை. சரக்கு கிடங்கைவிட்டுக் கிளம்பும்போதே அனுப்புபவருக்கு எல்லா விவரமும் தெரியும். இ-வே பில் என்ற மின்வழிச் சீட்டு செய்தது இதைத்தான். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால், ரசீது விவரமும் வண்டி எண்ணும் பயணம் தொடங்குமுன்பே பதிவாகிவிடுகின்றன. எல்லையில் நடந்த வேலை கிடங்குக்கு இடம் மாறியது. எல்லையில் மிச்சம் எதுவும் இல்லை.

அந்த மாற்றமும் இடறாமல் வந்துவிடவில்லை. 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி நாடு முழுவதும் தொடங்கப்பட்ட அன்றே மின்வழிச் சீட்டு இணையதளம் முடங்கிப்போனது. திட்டத்தைத் தள்ளிவைத்து, மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். மாநிலத்துக்குள் செல்லும் சரக்குக்குக் கேரளத்தில் ஏப்ரல் 15-ஆம் தேதியும் தமிழகத்தில் ஜூன் 2-ஆம் தேதியும் அமலானது. சாவடி போனதால் வரி ஏய்ப்பு பெருகிவிடும் என்று கேரளம் அஞ்சியதையும் ஒதுக்கிவிட முடியாது. நுகர்வு மாநிலமான கேரளத்துக்கு வெளியிலிருந்து வரும் சரக்கின் மீதான வரிதான் உயிர்நாடி. எனவே எல்லைச் சாலைகளில் வண்டி எண்ணைத் தானே படித்துக்கொள்ளும் கேமராக்களை அந்த மாநில வரித் துறை பொருத்தியது. லாரியை நிறுத்தாமலே கண்காணிக்கும் வழி அது. குறை சொல்ல இடமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வரித் துறை தன் கட்டத்தை அழித்துக்கொண்டதே தவிர, மற்ற துறைகள் அழித்துக்கொள்ளவில்லை. மோட்டார் வாகனத் துறை, கலால் துறை, கால்நடைத் துறை, பால்வளத் துறை, வனத் துறை, காவல் துறை என்று ஒவ்வொன்றும் தன் தேவையை மட்டும் பார்த்து எல்லையில் கடை விரித்திருக்கிறது. வண்டி வரியையும் சிறப்பு அனுமதியையும் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'பரிவாகன்' தளத்திலேயே செலுத்திப் பெறலாம். பணம் கட்டியதும் விவரம் கணினியில் ஏறிவிடுகிறது. அப்படியிருக்க, கட்டியவரே வண்டியை நிறுத்தி இறங்கிச் சென்று, கட்டிய காகிதத்தை ஒருவரிடம் காட்ட வேண்டிய அவசியம் என்ன? காகிதத்தைக் காட்டப் போகும் கைக்குள் வேறொரு காகிதமும் மடித்து வைக்கப்படும் என்பது ஊரறிந்த செய்தி. 2025 ஜனவரியில் கேரள லஞ்ச ஒழிப்புத் துறையினர் வாளையாறு உள்ளிட்ட பாலக்காடு மாவட்ட எல்லைச் சாவடிகளில் திடீர்ச் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றினார்கள். சில நாள்களுக்குள்ளேயே மறுபடியும் சோதனையிட்டபோது மறுபடியும் பணம் கிடைத்தது. ஊழியர்களை மாற்றலாம், தண்டிக்கலாம். ஆனால் தேவையற்ற ஒரு கட்டம் எல்லையில் இருக்கும்வரை அதற்கு விலை வைக்கவும் ஓர் ஆள் இருப்பார்.

இந்த வகையில் குஜராத்தின் அனுபவம் ஒப்பிடத்தக்கது. 2000-ஆம் ஆண்டில் அந்த மாநிலத்தின் 10 எல்லைச் சாவடிகள் கணினிமயமாயின. அப்போதைய போக்குவரத்து ஆணையர் பி. பன்னீர்வேல் முன்னின்று நடத்திய திட்டம் அது. வண்டியின் எண்பலகையைக் கேமரா படம் பிடிக்கும். மின்னணு எடைமேடை எடையைச் சொல்லும். அபராதத்தைக் கணினி கணக்கிடும். ஆய்வாளரின் 'தாராள மனத்துக்கு' இடமில்லை. அரை மணி நேர வேலை இரண்டு நிமிடமாகச் சுருங்கியது. வருவாய் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. உலக வங்கி முதல் மேலாண்மைக் கல்லூரிகள் வரை பாராட்டின. பாராட்டுப் பெற்ற சாவடிகளையும் சேர்த்து 16 போக்குவரத்துச் சாவடிகளை அதே குஜராத் அரசு 2019 நவம்பர் 20-ஆம் தேதியுடன் மூடிவிட்டது என்பதை அந்தப் பாராட்டுரைகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மத்தியப் பிரதேசமும் 2024 ஜூலை 1 முதல் அந்த வழிக்கு வந்தது. குஜராத் 19 ஆண்டுகளில் கற்ற பாடத்தைக் கேரளமும் தமிழகமும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

எல்லாச் சோதனையையும் எடுத்துவிடலாம் என்பதல்ல வாதம். எரிசாராயமும் கஞ்சாவும் கடத்தப்படும் பாதைகள் இவை. பாலைச் சோதிக்காமல் விட முடியாது. ஆனால் சோதனை எப்படி நடக்கிறது? 2023 ஜனவரியில் கொல்லம் மாவட்ட எல்லையான ஆரியங்காவில், தமிழகத்திலிருந்து சென்ற 15,300 லிட்டர் பால் வண்டியைக் கேரளப் பால்வளத் துறை பிடித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பதாகத் தன் சோதனையில் கண்டது. நடவடிக்கை எடுக்கும் அதிகாரமோ உணவுப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது. அவர்கள் சில மணி நேரம் கழித்து மாதிரி எடுத்தார்கள். அந்த மாதிரியில் ரசாயனம் இல்லை. நேரம் கடந்ததால் ரசாயனம் சிதைந்துவிட்டது என்றது ஒரு துறை. இல்லாததை எப்படிச் சொல்வது என்றது இன்னொரு துறை. பாலில் கலப்படம் இருந்ததா, இல்லையா? குடிப்பவருக்கும் தெரியவில்லை, கறந்து கொடுத்தவருக்கும் தெரியவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துப் பால் நுழையும் பாலக்காடு மாவட்ட மீனாட்சிபுரத்திலும் பால்வளத் துறையின் சோதனை நிலையம் இருக்கிறது. இரு துறைகளின் அம்புக்குறிகளும் ஒரே தாளில் வரையப்பட்டிருந்தால், ஒரே மாதிரியை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

லாரிக்கு நேர்ந்தது மனிதர்களுக்கு நேர்ந்தபோது விளைவு இன்னும் கொடியதாக இருந்தது. கரோனா பொதுமுடக்கத்தில், 2020 மே மாதத் தொடக்கத்தில், வாளையாறு, குமுளி உள்ளிட்ட ஆறு எல்லைகள் வழியாக மட்டும் கேரளத்துக்குள் நுழையலாம் என்று அறிவிக்கப்பட்டது. புறப்படும் மாநிலத்தின் அனுமதியும் வேண்டும், கேரளத்தின் அனுமதியும் வேண்டும். இரண்டும் இரண்டு தனித்தனி இணைய அமைப்புகள். ஒன்று கொடுத்தது மற்றதற்குத் தெரியாது. ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாளையாறு வந்து சேர்ந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் திரும்ப முடியவில்லை. கேரள உயர் நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமையில் சிறப்பாகக் கூடி, ஏற்கெனவே வந்து சிக்கியவர்களை உள்ளே விடும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த கேரள அரசுக்கு உரிமை இருந்தது, காரணமும் இருந்தது. ஆனால் இரு மாநிலக் கணினிகள் ஒன்றோடொன்று பேசியிருந்தால் அந்த மனிதர்கள் கோவையிலோ சென்னையிலோ கிளம்பியிருக்கவே மாட்டார்கள்.

இடுக்கி எல்லையில் கதை வேறு. தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஊர் திரும்புபவர், பார்வையாளர் என்றெல்லாம் வகை பிரித்த அனுமதிப் படிவத்தில், தினமும் போய் தினமும் வரும் கூலிக்காரிக்கு முதலில் இடமே இல்லை. வழக்கமாக வந்து போவோருக்கான வகை பின்னரே சேர்க்கப்பட்டது. அதுவரை அந்தக் குடும்பங்களின் அடுப்பு எரிந்ததா என்பது எந்த இணையதளத்திலும் பதிவாகவில்லை. படிவத்தை வரைந்தவருக்கு அந்த ஜீப்பைத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவே.

அதே மலையில், அதே ஏலக்காயில், இரு மாநிலங்களையும் ஒரே அமைப்புக்குள் கொண்டு வந்த உதாரணமும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. வண்டன்மேட்டிலும் போடிநாயக்கனூரிலும் வியாபாரிகள் கூடி வாய்மொழியாக விலை கேட்டு நடந்துவந்த ஏலத்தை, மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் மின்னணு ஏலமாக மாற்றியது. இன்று இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் தேனி மாவட்டம் போடியிலும் ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு வியாபாரிக்கும் முன்னால் ஒரு கணினி; யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது பதிவாகிறது. 2021 தொடக்கத்தில் இரண்டு மையங்களையும் இணைத்து, எங்கிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும் ஏற்பாடும் வந்தது. 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய் என்ற உச்சத்தை ஏலக்காய் தொட்டபோது, போடி வியாபாரிக்கும் இடுக்கி விவசாயிக்கும் அந்த விலை ஒரே நொடியில் தெரிந்தது. குறையில்லாத அமைப்பு என்று சொல்வதற்கில்லை. ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து விலையைச் சாய்க்கிறார்கள் என்று விவசாயிகள் புலம்புகிறார்கள். காய் யாருடையது என்பதைக் கணினி பார்ப்பதில்லை. கேட்கும் விலையை மட்டுமே பார்க்கிறது. ஆனாலும் எல்லை அங்கே தடையாக இல்லை. காரணம் எளியது: தொடக்கம் முதல் முடிவு வரை அந்த வேலைக்கு ஒரே பொறுப்பாளர் இருக்கிறார்.

எல்லைச் சாவடிகளுக்கு அப்படியொரு பொறுப்பாளர் இல்லை. தில்லி தன் பங்குக்குப் பரிவாகனையும் மின்வழிச் சீட்டையும் கொடுத்துவிட்டது. பாக்கி மாநிலங்களின் பாடு என்கிறது. சென்னையும் திருவனந்தபுரமும் முல்லைப் பெரியாறு என்றால் தில்லி வரை வந்து வழக்காடுகின்றன. 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் போயின என்ற பழைய மனத்தாங்கல் இன்னும் பேசப்படுகிறது. அந்த எல்லையைத் தினமும் கடப்பவர்களைப் பற்றிப் பேச மட்டும் இரு தரப்புக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

பேசுவதற்கு மேடை இல்லாமலும் இல்லை. அந்த எல்லையைக் கிழித்த 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டமே மண்டலக் குழுக்களையும் உருவாக்கியது. எல்லைத் தகராறுகள், மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து ஆகிய மூன்றும் அந்தக் குழுக்கள் விவாதிக்கத் தக்கவை என்று சட்டமே பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது. வாளையாறும் குமுளியும் இந்த மூன்றுக்குள்ளும் அடங்கும். தென் மண்டலக் குழுவின் 30-ஆவது கூட்டம் 2022 செப்டம்பர் 3-ஆம் தேதி உள்துறை அமைச்சர் தலைமையில் திருவனந்தபுரத்தில்தான் நடந்தது. அங்கிருந்து குமுளி ஒரு நாள் பயணம்கூட இல்லை.

அந்தக் குழுவின் முன் அடுத்து வைக்கப்பட வேண்டியது இன்னொரு மென்பொருள் திட்டமல்ல, ஒரு தாள். பொள்ளாச்சியில் பால் ஏற்றிய வண்டி பாலக்காட்டில் இறக்கும்வரை, கம்பத்தில் ஜீப் ஏறிய பெண் மாலையில் வீடு சேரும்வரை, எத்தனை இடத்தில் எத்தனை துறை எதற்காக நிறுத்துகிறது என்று இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து வரைந்த தாள். அதை வரையும்போது ஓர் ஓட்டுநரையும் ஒரு தோட்டத் தொழிலாளியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். எந்தக் கட்டத்தை அடிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.