தணிதலும் வாசித்தலும்

துயருற்ற ஒருவரைக் காணச் செல்கையில் எந்தப் புத்தகத்தைக் கொண்டு செல்வது? பழங்களும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகச் செல்வோருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாசிப்பை வாழ்வின் பகுதியாகக் கொண்டவர்களுக்கோ இது எளிய கேள்வியன்று. நம்மில் பெரும்பாலோர் இத்தருணத்தில் மெலிந்த நூல் ஒன்றையே தேர்கிறோம். ஞானியர் வாக்குகளின் தொகுப்பு, அல்லது துன்பத்தை எதிர்கொள்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்லித் தரும் வழிகாட்டி. நொந்த மனம் கனமானதைத் தாங்காது என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். எங்கள் கருத்து இதற்கு மாறானது. துயரக் காலத்தைக் கடந்து வாசிப்பிற்குத் திரும்புபவருக்கு உகந்தது பழைய, நீண்ட, எதையும் போதிக்க முற்படாத நாவலே. அதிலும், முன்பே ஒருமுறை வாசித்த நாவல்.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் தாயார் ஈராண்டுகள் நோயுற்றிருந்து மறைந்தார். அந்த ஈராண்டுகளில், உடன்பிறந்த நாங்கள் மூவரும் முறை வைத்துக்கொண்டு திருத்தணிக்கும் சென்னைக்கும் இடையே மின்ரயிலில் அலைந்தோம். ஏறத்தாழ 85 கிலோமீட்டர். பயணம் முழுவதும் மடியில் புத்தகம் இருக்கும், பக்கம் நகராது. கண் வரிகளின் மேல் ஊர்ந்து செல்லும், மனம் ஸ்கேன் அறிக்கையில் நிற்கும். அவர் மறைந்தபின் நிலை சீராகும் என்று எண்ணியிருந்தோம். ஓராண்டுக்கும் மேலாகச் சீராகவில்லை. சிறுவயது முதல் நூலகமும் சிற்றிதழ்களுமாக வளர்ந்த எங்களுக்கு, வாசிக்க இயலாமற் போனது இரண்டாவது இழப்பாகவே இருந்தது.

அக்காலத்தில் நண்பர்கள் அன்போடு தந்த ஆறுதல் நூல்கள் வீட்டில் சேர்ந்தன. அவற்றைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. அவற்றால் தேறியவர்களை அறிவோம். ஆனால் அந்நூல்களுக்கு ஓர் இயல்பு உண்டு. அவை முதல் வரியிலிருந்தே நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. உன் துயரம், உன் மனம், நீ செய்ய வேண்டியது என்று திரும்பத் திரும்ப நம்மையே சுட்டுகின்றன. துயரத்தில் இருப்பவரின் தலையாய சிக்கலே, தம்மைத் தவிர வேறெதையும் எண்ண முடியாமலிருப்பதுதான். அந்தச் சிறையில் இன்னொரு கண்ணாடியைக் கொண்டு வந்து மாட்டினால் என்ன பயன்? பெருநாவல் நம்மை அறியாது. அதன் மாந்தர் நம் வருகைக்கு முன்பே வாழத் தொடங்கிவிட்டவர்கள். நாம் புத்தகத்தை மூடி வைத்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. அந்த அலட்சியத்தில் ஒரு பெரும் இளைப்பாறல் இருக்கிறது.

இவ்வுண்மையை எங்கள் பகுதி மக்கள், நாவல் என்ற வடிவம் தமிழுக்கு வருவதற்கு முன்பே கண்டுகொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது. தொண்டை மண்டலத்தின் வடபகுதி ஊர்கள் பலவற்றில், இறந்தவருக்குக் கருமாதி நடக்கும் இரவில் 'கர்ண மோட்சம்' தெருக்கூத்து ஆடும் வழக்கம் உண்டு. துக்க வீட்டார் விடிய விடிய அமர்ந்து பார்ப்பார்கள். பொன்னுருவியிடம் விடைபெற்றுக் களம் செல்லும் கர்ணன், தன் புண்ணியத்தையெல்லாம் தானமாக வார்த்துக் கொடுத்துவிட்டுச் சாய்வான். குந்தி வந்து மகனை மடியில் கிடத்தி ஒப்பாரி வைப்பாள். அப்போது துக்க வீட்டுப் பெண்கள் அழுவது குந்தியோடு சேர்ந்து. யாரும் அவர்களைத் தேற்றுவதில்லை. மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்ற அறிவுரை கூத்தில் எங்கும் இல்லை. பன்னெடுங்காலத்துக்கு முந்திய ஒருவனின் சாவை முழு இரவு பார்த்துவிட்டு, விடியலில் எழுந்து வீடு திரும்புவார்கள். ஒரு நீண்ட கதை, அதில் பிறருடைய துயரம், அதற்கென ஒதுக்கப்பட்ட நேரம். இம்மூன்றும் அமைந்த இன்னொரு வடிவம் பெருநாவல்.

நாங்கள் வாசிப்பிற்குத் திரும்பியது தாயாரின் அலமாரி வழியாக. அதில் இருந்தவை தெலுங்கு நூல்கள். இதற்குச் சிறு விளக்கம் தேவை. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணி, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பின்னரே இவ்வூர் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எங்கள் தாயார் அதற்கு முன் பள்ளி சென்றவர். வீட்டில் பேசியது தமிழ், வாசித்தது தெலுங்கு. அவர் போற்றிய எழுத்தாளர் சரத் சந்திரர். வங்காளியான சரத்தைத் தெலுங்கு எழுத்தாளர் என்றே இறுதிவரை நம்பியிருந்தார். இது அவருக்கு மட்டும் உரிய மயக்கமன்று. சரத்தைத் தம்மவராகவே கொண்டாடிய தெலுங்கு வாசகர் ஏராளம்.

அந்த நூல்களில் மொழிபெயர்ப்பாளரின் பெயராக இருந்தது சக்ரபாணி. தமிழ் வாசகர்களுக்கு இவர் அந்நியரல்லர். நாகி ரெட்டியோடு சேர்ந்து 1947இல் சந்தமாமாவைத் தொடங்கி, தமிழில் அம்புலிமாமாவாக நம் பால்ய காலத்தை நிறைத்தவர் இவர்தான். ஆலூரி வெங்கட சுப்பாராவ் என்பது இயற்பெயர். 1930களின் தொடக்கத்தில் அவருக்குக் காசநோய் கண்டது. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியை ஒட்டி, ஆரோக்கியவரம் என்ற இடத்தில் 1915 முதல் இயங்கிவந்த காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். அதற்கு முந்திய காலத்தில் ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவுமே மருந்து. பிழைப்போமா என்ற உறுதியற்ற அந்த நாட்களில் சக்ரபாணி வங்கமொழி கற்றார். பின்னர் சரத்தின் நாவல்களைத் தெலுங்கில் கொண்டுவந்தார். எங்கள் தாயாரைப் போன்ற எண்ணற்றோரின் அலமாரிகளை அடைந்த நூல்கள் அவ்வாறு உருவானவை.

நோயாளிக்கு இலேசானதைத் தர வேண்டும் என்போர் இந்த வரலாற்றைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். நுரையீரல் நொந்த ஒருவர் எழுத்துக்கூட்டி ஓர் அயல்மொழியைப் பயின்று, அதன் பெரும் நாவலாசிரியரிடம் சென்று சேர்ந்தார். இலேசான வேலையன்று அது. கவனம் முழுவதையும் கேட்கும் வேலை. கவனத்தைக் கேட்பதாலேயே அது மனிதனைக் காக்கிறது என்பது எங்கள் துணிபு. நாங்கள் மூவரும் எழுத்துக்கூட்டியே தெலுங்கு வாசிக்க வல்லவர்கள். ஒரு பக்கத்திற்கு அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரம், நெடுநாளுக்குப்பின் மனம் வேறெங்கும் செல்லாதிருந்த அரைமணியாக அமைந்தது.

அதன்பின் தமிழுக்கு வந்தோம். எடுத்தது தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த வங்க நாவலைத் தமிழில் தந்தவர் த.நா. குமாரஸ்வாமி. நாடி பிடித்து மரணத்தை முன்னறியும் முதிய வைத்தியர் ஜீவன் மஷாயின் கதை. கல்லூரி நாட்களில் வாசித்தபோது, ஆயுர்வேதத்திற்கும் ஆங்கில மருத்துவத்திற்கும் இடையிலான மோதலாகவே இது எங்களுக்குப் பட்டது. அதைப்பற்றிக் காரசாரமாக விவாதித்ததும் உண்டு. இம்முறை இரவு உணவிற்குப்பின் ஒருவர் உரக்க வாசிக்க, இருவர் கேட்டோம். இப்போது கண்ணில் பட்டது வேறொன்று. சொந்த மகனின் நாடியிலும் மரணத்தைக் கண்டு சொன்ன தந்தை அவர்; அதை மன்னிக்காத மனைவியோடு ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர். அறிந்ததைச் சொல்வதா, மறைப்பதா என்ற கேள்வி நோயாளி உள்ள ஒவ்வொரு வீட்டின் கேள்வி. எங்கள் வீட்டிலும் ஈராண்டுகள் அது பேசப்படாமல் கிடந்தது. ஜீவன் மஷாயைப்பற்றி வாதிடும் சாக்கில் நாங்கள் அதை முதன்முறையாகப் பேசினோம்.

மறுவாசிப்பு ஏன் சிறந்தது என்பதும் இங்கே விளங்கும். கதையின் முடிவு தெரிந்திருப்பதால் அடுத்து என்ன நேருமோ என்ற பதற்றம் இல்லை. பதற்றத்திலேயே நெடுநாள் வாழ்ந்தவருக்கு இது சிறிய வரமன்று. முன்பு வாசித்த மனிதர் யார், இப்போது வாசிப்பவர் யார் என்ற வேறுபாடும் புலப்படுகிறது. துயரம் நம்மிடமிருந்து சிலவற்றைப் பறித்தது தெரியும். ஒரு பார்வையைத் தந்திருப்பதும் அப்போது தெரிகிறது.

நீளத்தைக் கண்டு அஞ்சுவோர்க்கு ஒரு கணக்கு. டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' மூலத்தில் 361 அத்தியாயங்கள் கொண்டது என்பர், தமிழில் டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்தார். தணிகை மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக என்று சொல்வது மரபு. டிசம்பர் 31இல் நடக்கும் படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். மலையின் உயரத்தை அவர்கள் எண்ணுவதில்லை, அந்தந்தப் படிக்குரிய பாட்டை எண்ணுகிறார்கள். நாளுக்கோர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் டால்ஸ்டாயின் உச்சிக்கு ஏறிவிடலாம். அங்கே ஒரு காட்சி உண்டு. ஆண்ட்ரூ இறந்தபின் நடாஷா யாரோடும் ஒட்டாமல் தனித்துக் கிடக்கிறாள். தம்பி பெட்யா போரில் மடிந்த செய்தி வருகிறது. சித்தம் கலங்கிய தாயைத் தாங்கிப் பிடிக்க அவள் எழுகிறாள்; அந்தப் பணிவிடையில் அவளுக்கே உயிர் திரும்புகிறது. இதை ஒரு நீதிமொழியாகச் சொல்லியிருந்தால் எரிச்சலே மிஞ்சும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவளோடு வாழ்ந்தபின் அறியும்போது மறுக்கத் தோன்றுவதில்லை.

அப்படியானால் நாவல் ஒரு மருந்தா? சாமுவேல் க்ரோதர்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் எழுதிய நகைச்சுவை கலந்த கட்டுரை ஒன்றில், நூல்களை நோய்க்கேற்ப எழுதித்தரும் மருத்துவமனையைக் கற்பனை செய்தார். 'பிப்ளியோதெரபி' என்ற சொல் அங்கே பிறந்தது. நகைப்பாகத் தொடங்கிய அச்சொல் இன்று தீவிரமாகப் புழங்குகிறது. எங்களுக்கு இதில் தயக்கம் உண்டு. உறக்கமும் உணவும் குலைந்து மனம் நோயுற்றவர் செல்ல வேண்டியது மனநல மருத்துவரிடம். நாவலை நீட்டி அதைத் தள்ளிப்போடுவது தீங்கு. இலக்கியத்திற்கும் மருந்து என்ற பெயர் பொருந்தாது. மருந்து குணமானதும் நிறுத்தப்படுவது. 'ஆரோக்கிய நிகேதன'த்தை அவ்வாறு யார் நிறுத்துவார்கள்?

எல்லாப் பேரிலக்கியமும் எல்லார்க்கும் எந்நேரத்திலும் ஏற்றது என்றும் சொல்ல மாட்டோம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் கையில் ஜீவன் மஷாயின் கதையை உடனே திணிப்பது கொடுமை. நீண்ட படியேற்றத்துக்கு முன் சிறிதாகத் தொடங்க விரும்புவோர்க்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' உண்டு. மனமுடைந்த ஜமுனாவுக்கு டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்கிறாள்; மறுநாளும் குடத்தோடு தண்ணீருக்கு அலைய வேண்டியிருக்கிறது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1893 முதல் விவேக சிந்தாமணியில் ராஜமய்யர் தொடராக எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்'. பிள்ளை காணாமற்போய், செல்வம் அழிந்து, அவதூறும் சூழ்ந்த முத்துஸ்வாமி அய்யரின் குடும்பம் அதில் வருகிறது. அதே நூலில் ஊர்வம்பும் சிரிப்பும் நிறைந்து வழிகின்றன. எழுதியவர் 1898இல், 26 வயதில் மறைந்தார். தமிழ் நாவல் தன் தொடக்கத்திலேயே துயரத்தையும் சிரிப்பையும் ஒரே திண்ணையில் அமர்த்தியது.

எங்கள் ஊரின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுவது, சூரனோடு செய்த போருக்குப்பின் முருகனின் சினம் தணிந்த இடம் என்பது. ஆகவே சஷ்டியில் பிற தலங்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கு நடப்பதில்லை. மலர் தூவும் புஷ்பாஞ்சலி நடக்கிறது. தணிதல் என்பது நுட்பமான சொல். காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது, அடுப்பின் தீயைத் தணிக்கிறோம். தணிந்தது அழிந்துவிடுவதில்லை, உடனிருந்து வாழத்தக்க அளவுக்கு இறங்குகிறது. பெருநாவல்கள் துயரத்திற்குச் செய்வது இவ்வளவே என்று தோன்றுகிறது; இதற்கு மேல் எதிர்பார்ப்பது முறையுமன்று.

ஆகவே வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். துக்க வீட்டிற்குச் செல்கையில், அவர் முன்பு விரும்பிய தடித்த நாவல் ஒன்று உங்களிடம் இருந்தால் கொண்டு செல்லுங்கள். அதன் பயனை விளக்க வேண்டாம். வாசித்துவிட்டீர்களா என்று பின்னர் கேட்கவும் வேண்டாம். மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது எத்தனை மாதமானாலும் காத்திருக்கும்.